கப்பல் வைத்த பாக்கி

உத்தண்டருக்கு முதலில் துரோகம் செய்தது கப்பல்தான். இரண்டாவது, அவர் மனைவி ஒச்சம்மாளின் தம்பி ராசாங்கம். மூன்றாவது, டவுன் ஆஸ்பத்திரியில் எலும்பு பார்க்கிற டாக்டர். அதற்கப்புறமும் ஆட்கள் உண்டு, தூவானம்பட்டியில் பாதிச் சனம் அந்த வரிசையில் எங்கேயாவது ஓரிடத்தில் நிற்கிறவர்கள்தான், ஆனால் வரிசை என்று ஒன்று இருந்தால் முதலில் நிற்பவனை விசாரித்து முடித்த பிறகுதான் அடுத்தவனைக் கூப்பிட வேண்டும் என்பது உத்தண்டரின் முறை, அதனால் மற்றவர்கள் எல்லோரும் இன்னும் காத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கப்பல் ஒரு மட்டக்குதிரை. செம்பட்டை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இடது முன்னங்குளம்பில் அரிவாள் பட்டதுபோல ஒரு வெட்டு. நடக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி வரும். கடலைக் கண்ணால் பார்த்திராத அந்த மலையூரில் அதற்குக் கப்பல் என்று பேர் வைத்தவர் உத்தண்டர்தான். ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு குதிரை நின்றது, பூண்டும் உருளைக்கிழங்கும் குதிரை முதுகில்தான் மலையிறங்கின. பிறகு ஜீப் ரோடு வந்தது, ஒவ்வொரு குதிரையாகப் போனது, கடைசியில் கப்பல் ஒன்றுதான் மிஞ்சியது. அது மிஞ்சியதற்குக் காரணம் உத்தண்டர் ஜீப்பில் ஏற மாட்டார் என்பதுதான். ஜீப் ஓட்டுகிறவனின் அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஐப்பசி மழையில் மலை சரிந்து ரோடு மூடிக்கொண்ட வருசம், ஊர்ப் பூண்டு மூட்டைகளையெல்லாம் கப்பல்தான் நடை நடையாக இறக்கியது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நடையும் முடிந்து, சுமையில்லாத குதிரையின் மேல் உத்தண்டர் ஏறி உட்கார்ந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பன்றிப்பாறை வளைவில், யாருடைய கொட்டகையிலிருந்தோ பிய்ந்துவந்த நீலத் தார்ப்பாய் ஒன்று காற்றில் எழும்பி, பெரிய பறவை மாதிரி இறக்கையடித்துக்கொண்டு குதிரையின் முகத்துக்கு நேரே வந்தது. கப்பல் முன்னங்கால்களைத் தூக்கியது. உத்தண்டர் பாறைச் சந்தில் கிடந்தார். தொடையெலும்பு முறிந்தது, இடுப்பெலும்பு விரிந்தது, விலாவும் காறையெலும்பும் போயின. அதையெல்லாம் அவர் குறையாகச் சொல்வதில்லை. தார்ப்பாயைக் கண்டால் எந்தக் குதிரையும்தான் மிரளும் என்பார். அவர் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை.

கிடந்த இடத்திலிருந்து அவர் "கப்பலு" என்று கூப்பிட்டார். வலியில் குரல் வரவில்லை, மறுபடியும் கூப்பிட்டார், இந்தத் தடவை மலையே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். குதிரை நின்றது. மழை பட்டதுபோல உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பிறகு ஆடி ஆடி, தினமும் போகிற மாதிரியே, வளைவைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"வெறும் முதுகோட அது வாசல்ல வந்து நின்னதாலதான மாமா உங்களைத் தேடிக்கிட்டு வந்தோம்? இல்லாட்டி நரி தின்னுருக்கும் உங்களை," என்று ஊர் சொல்லும்.

"அது கொள்ளுக்கு வந்துச்சு," என்பார் உத்தண்டர்.

அவர் கேட்டது பெரிய விசயமில்லை. ஒரே ஒரு தடவை, அது முகத்தைத் திருப்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டிய பார்வை அது. அவருக்கு வரவேண்டிய பாக்கி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "பெரியவரே, தொடையில இரும்புத் தகடு வெச்சிருக்கேன். இடுப்புல ஸ்குரூ இருக்கு. இன்னொரு தடவை குதிரையில இருந்து விழுந்தீங்கன்னா, பொறுக்குறதுக்குத்தான் ஆள் வரணும், ஒட்டவைக்க நான் வரமாட்டேன்."

"அப்ப நான் எப்படிப் போறது வாறது?"

"சைக்கிள் மிதிங்க. மூட்டு இறுகாம இருக்கும்."

"சைக்கிள்ல இருந்து விழ மாட்டாகளா?"

"விழுவாங்க. ஆனா சைக்கிள் உங்களை மிதிக்காது."

"கப்பலும் என்னைய மிதிக்கலை," என்றார் உத்தண்டர், அந்த இடத்திலேயே டாக்டரும் வரிசையில் போய் நின்றுவிட்டார்.

அவர் கட்டிலில் கிடந்த நாட்களில்தான் ராசாங்கம் கப்பலை ஓட்டிக்கொண்டுபோய், ஏரி இருக்கிற டவுனில் குதிரையும் சைக்கிளும் வாடகைக்கு விடுகிற மைதீனிடம் கொடுத்துவிட்டு, மாற்றாக ஒரு சைக்கிளை வாங்கிவந்தான். டாக்டர் சொன்னதை ஒச்சம்மாள் வழியாகக் கேட்டிருந்தான், நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். மஞ்சள் பெயிண்ட், முன்னால் கம்பிக்கூடை, ஊர்சுற்ற வந்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த சீட்டு.

"யாரைக் கேட்டுடா குடுத்த?"

"அது ஒண்ணுமே திங்கலை மச்சான். சுவத்தைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. நான் தண்ணி வெச்சாலும் திரும்பலை, அக்கா பேரைச் சொன்னாலும் திரும்பலை."

"சுவத்தைப் பாத்து நின்னுச்சா?"

"ஆமா மச்சான்."

"அப்பவும் மூஞ்சியைக் காட்டலை, பாத்தியா," என்றார் உத்தண்டர்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குதிரை வீட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும்போது, அதன் உடையவன் விளக்குமாற்றை எடுத்துத் தொழுவத்திலிருந்து ஊர் எல்லைக் கல்வரை அது நடந்த தடத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எல்லைக் கல்லில் நின்று, "உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். ராசாங்கம் அதைச் செய்யாமல் விடவில்லை. ஆனால் அவன் உடையவன் இல்லை. போகும்போது அவசரத்தில் மறந்துவிட்டு, சைக்கிளோடு திரும்பிவந்த பிறகு ஞாபகம் வந்து, ஒரு கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு மறு கையால் எல்லைக் கல்லிலிருந்து வீட்டைப் பார்த்துத் தலைகீழாகக் கூட்டியும் விட்டான். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று ஊரில் பெரும்பாலோர் சொல்வார்கள். வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் பூண்டு நடவு நெருங்கும் ஊரில் காரணத்தைப் பேசிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

சைக்கிள் பழகுவது உத்தண்டருக்குச் சாவாக இருந்தது. பூண்டு காயவைக்கிற களத்தில் ஒச்சம்மாள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட, அவர் முழங்காலால் சைக்கிளின் விலாவை இடித்து "ஹோய், ஹோய்" என்று விரட்டினார், நிறுத்த வேண்டிய இடத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஹேண்டில்பாரை நெஞ்சுக்கு இழுத்தார், இழுத்த வேகத்தில் வைக்கோல் போரில் போய்ச் சொருகினார். வைக்கோலுக்குள்ளிருந்து, "இதுக்கு வாய் ரொம்பக் கெட்டி, இழுத்தா நிக்க மாட்டேங்குது," என்று குரல் வந்தது. ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று அவர் பார்த்து வைத்துக்கொண்டார்.

ஆனாலும் கால் இளகியது. இரும்புத் தகடு உள்ளே கிடக்க, எலும்பு தன்பாட்டில் சேர்ந்தது. கோடை மழையின் முதல் தூறல் விழுந்த சாயங்காலம், யாரும் பிடிக்காமல் தனியாகவே களத்திலிருந்து வீடுவரை ஈர மண்ணில் மிதித்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அவர் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒச்சம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள், வாசலைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்.

"கப்பல் வந்துச்சா?"

"எந்தக் கப்பல்? நான்தான் வந்தேன்."

"தடம் கெடக்கே."

உத்தண்டர் பார்த்தார். டயர்க் கோடு எங்கேயும் இல்லை. களத்திலிருந்து வாசல்வரை குளம்புத் தடம், நாலு காலும் மாற்றி மாற்றி வைத்து ஆடி ஆடி வந்த குதிரையின் தடம், இடது முன்னங்காலில் அந்த வெட்டு. சைக்கிளை எடுத்து ஒரு முழம் உருட்டிப் பார்த்தார். சக்கரம் உருண்ட மண்ணில் கோடு விழவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளம்புகள் பதிந்தன, பதிந்த குழிகளில் மழைத்தண்ணீர் ஊறி நிறைந்தது.

"இங்கயும் வந்துட்டியா நாயே," என்றார் உத்தண்டர்.

"உள்ள உருட்டிக்கிட்டு வந்துராதீங்க," என்றாள் ஒச்சம்மாள், "இப்பத்தான் சாணி போட்டு மெழுகியிருக்கேன்."

மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு. அது குதிரையாகிப்போன சைக்கிளா, சைக்கிளாகிப்போன குதிரையா என்று இரண்டு கட்சி பிரிந்து, ஒரு கட்சி தடத்தின் மேல் டம்ளரைக் கவிழ்த்து அளவு பார்த்தது, மறு கட்சி சைக்கிளின் சீட்டுக்கடியில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, வெறும் துரு வாடைதான் என்று அறிவித்தது. வனக்காவலர் காட்டுப்பாதையில் குளம்புத் தடத்தைக் கண்டு, குதிரை விடத் தடையுள்ள இடத்தில் யார் குதிரை விட்டது என்று கோபமாக ஊருக்குள் வந்தார். மஞ்சள் சைக்கிளைக் காட்டினார்கள். சைக்கிளுக்குத் தடையில்லை, தடத்துக்குத்தான் தடையிருக்கிறது, இதில் நான் எதைப் பிடிப்பது என்று யோசித்து யோசித்து, ஒரு டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரிடம் ஒச்சம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று சைக்கிளையும் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பின்சக்கரத்தில் காற்றுக் குறைவாக இருக்கிறது என்று சொல்லி, தன் மோட்டார் சைக்கிள் பம்பால் அடித்துக் கொடுத்தார். நாய்கள் முதலில் சைக்கிளைப் பார்த்துக் குரைத்தன, பிறகு தடத்தைப் பார்த்துக் குரைத்தன, பிறகு குரைப்பதை விட்டுவிட்டன. அடுத்த மழை வருவதற்குள் ஊர் அதைப் பேசுவதையே நிறுத்தியிருந்தது. புதிதாகப் பெண் எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் வாய் பிளந்தால், "அது உத்தண்டரு மாமா போன தடம், நீங்க உள்ள வாங்க," என்றார்கள்.

உத்தண்டர்தான் பழகிக்கொள்ளவில்லை. எங்கே போனாலும் அது கூடவே வந்தது, போன இடத்திலெல்லாம் தான் வந்து போனதை எழுதி வைத்தது. அதைவிட மோசம், பன்றிப்பாறை வளைவை அவர் சைக்கிளில் நேராகக் கடந்து போனாலும், பின்னால் விழுந்த தடம் நேராக இருப்பதில்லை; அந்த இடத்தில் குளம்புகள் நெருக்கி நெருக்கி, முன்னால் போக மனமில்லாமல் நின்று மிதித்த மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். உத்தண்டர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மிதித்துப் போனார்.

பூண்டு நடவு வந்தது. உழுது பண்படுத்திய பாத்தியில் முதலில் குதிரை இறங்கி ஒரு தடவை நடந்துவிட்டுப் போன பிறகுதான் அந்த ஊரில் பூண்டு நடுவார்கள், அதற்குக் குளம்பு மிதி என்று பேர். ஊரில் குதிரைகள் குறைந்த பிறகு எல்லா வயலையும் கப்பலே மிதித்தது. கப்பல் போன பிறகு வந்த நடவில் மிதிக்க ஒன்றும் இல்லாமல் நட்டார்கள், அந்தப் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிக் கூழாகப் போனது. அதனால் இந்தத் தடவை, மேலத்தெருச் சிட்டம்மாள் ஒரு பாத்திரத்தில் கொள்ளு ஊறவைத்துக்கொண்டு உத்தண்டர் வீட்டுக்கு வந்தாள். புருசன் இல்லாதவள், போன தடவை அழுகலில் அதிகம் இழந்தவள்.

"மாமா, நம்ம வயல்ல ஒரு மிதி மிதிச்சுக் குடுங்க."

"அது கப்பலோட தடம். அதைப் போய்க் கேளு."

"தடம் இங்கதான இருக்கு."

"அந்தக் குதிரையோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல, தெரியும்ல?"

"நீங்க எதுக்குப் பேசணும்? சைக்கிளைத்தான உருட்டப் போறீக."

பூசாரியைக் கேட்டார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "குளம்பு விழுந்தாச் சரி. மேல என்ன இருக்குன்னு ஆத்தா நிமிந்து பாக்க மாட்டா," என்றார்.

உத்தண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி, சிட்டம்மாளின் பாத்தியில் சைக்கிளை உருட்டினார். பொலபொலவென்ற கறுப்பு மண்ணில் கப்பலின் குளம்புகள் ஆடி ஆடி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போயின. அந்தப் போகத்தில் சிட்டம்மாளின் பூண்டு குழந்தைக் கை மாதிரித் திரண்டு வந்தது. பிறகென்ன, மிதிக்கு முன்னால் சைக்கிளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஹேண்டில்பாருக்கு மஞ்சள் பூசுவது, கம்பிக்கூடையில் ஊறிய கொள்ளு போடுவது, வயலுக்குள் பெல் அடிக்காமல் இருப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்துவிட்டது, நேற்று வந்த முறையை எங்கள் பாட்டன் காலத்து முறை என்று ஆட்கள் சண்டை பிடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். கூடையில் விழுந்த கொள்ளை உத்தண்டர் யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்து, வெறும் தொழுவத்தில் பானையில் போட்டு மூடி வைத்தார்.

"யாருக்கு அது?" என்றாள் ஒச்சம்மாள்.

"யாருக்கும் இல்ல. கெடக்கட்டும்."

பூண்டு காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ராசாங்கம் தயங்கித் தயங்கி வாசலில் வந்து நின்றான். வரிசையில் இரண்டாவது ஆள் என்பதால் உத்தண்டர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்.

"மச்சான், ஏரி டவுன்ல இருந்து மைதீன் வந்துருக்காரு. கப்பல் விசயமா."

மைதீன் ஒல்லியான, சாந்தமான மனிதர். கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சைக்கிளைப் பார்த்தார், அது பதித்திருந்த தடத்தைப் பார்த்தார், அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்ப சொல்லலாம்," என்றார். "பெரியவரே, குதிரை தங்கமான குதிரை. சின்னப் புள்ளைகளை ஏத்திக்கிட்டு ஏரியைச் சுத்தி வரும், ஒரு சொல்லு சொல்ல வேண்டியதில்ல. ஆனா அது நடந்தா டயர்க் கோடு விழுது. ஏரியைச் சுத்தித் தார் ரோடுங்கிறதால ரொம்ப நாளா எங்க யாருக்கும் தெரியலை. ஒரு நாள் மழை விட்டதும் பூங்காப் புல்லுல இறங்கிருச்சு. புல்லுல சைக்கிள் விட்டேன்னு என்னையப் பிடிச்சுட்டாங்க. குதிரைங்க அதுன்னு சொன்னா, குதிரைக்குத் தனி அபராதம்னாங்க."

ராசாங்கம் சிரித்தான். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த உத்தண்டரின் முதுகைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அதுக்கு நான் வரலை. வெள்ளிக்கிழமை ஆனா அது காணாமப் போயிருது. கட்டை அவுத்துக்கிட்டுப் போகுது, பொழுது சாய வந்துருது. ஒரு நாள் டயர்க் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போனேன். சோலைக்காட்டு வழியா மேல ஏறி, உங்க பன்றிப்பாறை வளைவுல வந்து முடியுது."

சேர்ந்து போனார்கள். உத்தண்டர் சைக்கிளில், ஒச்சம்மாளும் மற்றவர்களும் நடந்து, விசயம் கேள்விப்பட்டுச் சிட்டம்மாளும் இன்னும் நாலு பேரும் பின்னால். வளைவில், அவர் கிடந்த பாறைச் சந்துக்கு முன்னால், டயர்க் கோடுகள் சுற்றிச் சுற்றிக் கிடந்தன; பழைய கோட்டின் மேல் புதுக் கோடு, காய்ந்ததன் மேல் ஈரமானது, யாரோ அந்தச் சின்ன இடத்திலேயே சைக்கிள் பழகிப் பழகிப் பார்த்த மாதிரி. புல்லெல்லாம் மடிந்து மண் தெரிந்தது. எல்லாக் கோடும் கடைசியில் பாறைச் சந்தின் விளிம்பில் வந்து நின்றது. அங்கே மண் கொஞ்சம் ஆழமாக அழுந்தியிருந்தது. நெடுநேரம் நின்றிருக்க வேண்டும்.

ராசாங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஒச்சம்மாள், "பாத்தீகளா," என்றாள். "பாவம்ங்க வாயில்லாச் சீவன். மன்னிச்சு விட்டுருங்க."

உத்தண்டர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். பாறைச் சந்தை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் கெடந்தப்ப நிக்கலை. இப்ப ஆளில்லாத எடத்துல வந்து நின்னா, இந்தப் பாறைதான் மன்னிக்கணும். எனக்கு இதுல சம்பந்தமில்லை."

"நான் ஓட்டிக்கிட்டு வாறேன் பெரியவரே," என்றார் மைதீன். "உங்க கையால முறைப்படி தடத்தைக் கூட்டி விட்டுருங்க. அதுக்கு அதோட குளம்பு, உங்களுக்கு உங்க டயரு. அதுவும் நிம்மதியா இருக்கும்."

இதைக் கேட்டதும் சிட்டம்மாள் ஊருக்குள் ஓடினாள். தடம் கப்பலோடு போய்விட்டால் பூண்டு என்ன ஆவது? அன்றைக்கே ஊர் கூடியது. குதிரை பாவம்தான், ஆனால் ஊரும் பாவமில்லையா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். தலைவர் எழுந்து, உத்தண்டர் ஊர் நன்மைக்காகப் பெரிய மனது பண்ணி, தடத்தைக் கூட்டாமல் விட்டுவிட வேண்டும் என்றார். உத்தண்டர் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், வைக்கோல் போரில் சிரித்த முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன.

"உங்க பூண்டு எனக்கு மசுரு," என்றார். "எல்லைக் கல்லுல நின்னு என்ன சொல்லணும்? உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லணும். இருக்கே. இருக்கிறதை எப்படி இல்லன்னு சொல்லுவேன்?"

ஊர் நிம்மதியாகக் கலைந்து போனது. வீட்டுக்கு வருகிற வழியில் முன்னால் அவர் சைக்கிளில் மெதுவாக மிதிக்க, பின்னால் குளம்புத் தடத்தில் மிதிக்காமல் ஒதுங்கி நடந்து வந்த ஒச்சம்மாள் சொன்னாள்: "சந்தைக்குப் போனாலும் நீங்க முன்னால, கோயிலுக்குப் போனாலும் நீங்க முன்னால. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒருக்காவாவது பின்னால வாறவளைத் திரும்பிப் பாத்திருக்கீகளா? நான் பாக்கி எழுதி வெச்சா எங்க போய் அடைப்பீக?"

"நீ விழுந்தியா?" என்றார் அவர், திரும்பாமலேயே.

"அது சரி," என்றாள் அவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது வாசல் படல்வரை டயர்க் கோடு வந்து திரும்பியிருந்தது. யாரும் வியக்கவில்லை. பன்றிப்பாறையிலிருந்து அன்றைக்கு உத்தண்டர் சைக்கிள் மிதித்து வந்த வழியெல்லாம் குளம்புத் தடம் கிடந்ததே. கப்பல் தன் தடத்தையே மோந்துகொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊரும் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டது. வெள்ளிக்கிழமை விடியலில் அந்தத் தெருவில் ஆடு மாட்டை அவிழ்ப்பதில்லை, வாசல் பெருக்குவதில்லை, தண்ணிக் குடத்தோடு போகிற பெண்கள் அந்தப் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தார்ப்பாய் வைத்திருந்தவர்கள் மடித்து உள்ளே வைத்தார்கள்.

உத்தண்டர் தொழுவத்துப் பானையைத் திறந்தார். கொள்ளை வியாழக்கிழமையே ஊறவைக்கச் சொன்னார். இது மன்னிப்பு இல்லை, நின்று தின்றால்தான் ஆளைப் பிடிக்க முடியும் என்று ஒச்சம்மாளிடம் இரண்டு தடவை சொன்னார். பாத்திரத்தைப் படலுக்கு உள்பக்கமாக வைத்தார், தின்ன வேண்டுமானால் வீட்டைப் பார்த்துத்தான் குனிய வேண்டும். தானும் ஒரு முக்காலியைப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நிலைக்கதவுக்கு நேரே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போய்ப் பார்க்கிறவர் அவர் இல்லை. வர வேண்டியது அது.

பனி தெருவை நிறைத்துக்கொண்டு நின்றது. அதற்குள்ளிருந்து கப்பல் வந்தது. ஆடி ஆடித்தான் வந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது, ஏரி டவுனில் யாரோ பிடரி மயிரில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டிருந்தார்கள். படலருகே நின்று மோந்தது. கழுத்தை உள்ளே நீட்டி, தலையைத் தாழ்த்தியபடியே, பாத்திரத்தின் விளிம்பைப் பல்லால் கவ்வி வெளியே இழுத்து, தெருவில் வைத்து, பின்பக்கத்தை வீட்டுக்குக் காட்டிக்கொண்டு தின்னத் தொடங்கியது.

உத்தண்டருக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு வேறு ஒன்றும் வந்தது. நெடுநாளாக அந்தப் பெயரை அவர் ஊர் முழுக்கத் திட்டத்தான் சொல்லியிருக்கிறாரே தவிர, பாறைச் சந்தில் கிடந்த அன்றைக்குப் பிறகு ஒரு தடவைகூட அதைக் கூப்பிடுவதற்காகச் சொன்னதில்லை.

"கப்பலு," என்றார்.

மெல்லுகிற சத்தம் நின்றது. ஒரு கொள்ளு பாத்திரத்தில் விழுந்த ஓசைகூடக் கேட்டது. குதிரையின் தோல் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, அன்றைக்கு வளைவில் சிலிர்த்த அதே சிலிர்ப்பு. பிறகு அதன் இரண்டு காதுகளும், முதலில் இடது, அப்புறம் வலது, மெதுவாகப் பின்பக்கம் திரும்பி, அவரைப் பார்த்து நின்றன.

உத்தண்டர் எழப் பார்த்தார். விடியல் குளிரில் தொடைத் தகடு இறுகிப்போயிருந்தது, கால் மடங்கவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். குதிரையும் அப்படியே நின்றது. காதுகள் அவரைப் பார்த்தபடி, முகம் தெருவைப் பார்த்தபடி. அதற்கு வெட்கமாக இருந்ததோ பயமாக இருந்ததோ தெரியாது. பனி கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது, கப்பல் பாத்திரத்தில் மிச்சம் வைத்துவிட்டு, அந்தக் காதுகளை முன்னால் திருப்பாமலேயே, ஆடி ஆடித் தெருவோடு போனது. அதன் பின்னால் ஈர மண்ணில் முறியாமல் ஒரே கோடாக டயர்த் தடம் நீண்டது.

ஒச்சம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ. கையில் விளக்குமாறு இருந்தது.

"காது திரும்புச்சுங்க. நான் பாத்தேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதாதா? எழுந்திரிங்க, கூட்டி விட்டுட்டு வந்துருவோம். நான் கூட வாறேன்."

உத்தண்டர் விளக்குமாற்றை வாங்கினார். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கதவுக்குப் பின்னால், அவளுக்கு எட்டாத உயரத்தில், ஆணியில் மாட்டினார்.

"காதுதான திரும்புச்சு," என்றார், குரல் சரியாக வரவில்லை, கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார், "காதுதான திரும்புச்சு. மூஞ்சி திரும்பலையே."

சைக்கிளை எடுத்தார். சிட்டம்மாளின் மேல்வயலில் மிதிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். படலைத் திறந்து, வாசலில் கிடந்த டயர்க் கோட்டின் மேல் சக்கரம் ஏறிவிடாதபடி சைக்கிளைக் கவனமாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, தெரு ஓரமாகவே உருட்டிக்கொண்டு போனார். கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதைத் தொடாமல், கப்பலின் குளம்புகள் விழுந்துகொண்டு வந்தன.

தெருமுனையில் அவர் நின்றார். தலையைத் திருப்பி, வாசலில் நின்ற ஒச்சம்மாளைப் பார்த்தார்.

"அடுத்த வெள்ளிக்குக் கொள்ளு கூடுதலாவே ஊறவை," என்றார். "பாக்கி அப்படியே நிக்குது."